பெரியவளுக்குக் கிடைக்காத பால்

போன வாரம் அண்ணி சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் இந்த வீட்டைப் புரட்டிப் போட்டது. சமையலறை வாசலில் நின்று, கையில் செல்போனை வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "பெரியவளுக்கு ஒரு ஆறு மாசமாவது தாய்ப்பால் கொடுத்திருந்தா இது வராமயே இருந்திருக்குமோ என்னவோ." சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கேட்டவளுக்கு அதன் பிறகு தூக்கம் இல்லை.

கேட்டவள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கால் வைக்க இடமில்லாத கூட்டத்தையும் ஒரு விசிலில் உள்ளே தள்ளிவிடுகிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். புருஷன் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது. அவள் சேட்டைக்கு வைத்த 'வாலு' என்ற பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. இளையவன் ஐந்து மாதக் குழந்தை.

வாலுவின் கால்களில் நீலத் திட்டுகள் வந்தபோது, எங்கேயோ குதித்து விழுந்திருப்பாள் என்றுதான் நினைத்தார்கள். குதிக்காமல் இருந்தால்தானே அதிசயம். அப்புறம் காய்ச்சல், அப்புறம் முகத்தில் ரத்தமே இல்லாத வெளுப்பு. அப்புறம் அந்த வார்த்தை: ரத்தப் புற்றுநோய்.

அன்றிலிருந்து குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் ராத்திரிக்கு அப்பா, பகலுக்கு அம்மா. வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்திருக்கிறாள்; அவள்தான் கண்டக்டரம்மாவுக்கு அண்ணி. கண்டக்டரம்மா தினமும் கிளம்பும் முன் பம்ப் வைத்துப் பால் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். அண்ணி அதைச் சுடுநீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாட்டிலில் கொடுப்பாள்.

இன்று காலை பம்ப் வெறுங்காற்றைத்தான் இழுத்தது.

கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். வலித்ததே தவிர வரவில்லை. நாலைந்து நாளாகவே குறைந்துகொண்டுதான் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பால் மட்டும் எங்கிருந்து வரும்? கடைசியில் புட்டியின் அடியில் ஒரு சின்ன டம்ளர் அளவுக்குத் தேறியது.

அந்தப் பாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாலு பிறந்தபோது லீவு சீக்கிரமே முடிந்துவிட்டது. இரண்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஓடுகிற பஸ்ஸில் யாருடைய குழந்தையாவது அழுதால் போதும், அவள் யூனிஃபார்ம் சட்டை நனைந்துவிடும். டிக்கெட் பையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டே ஸ்டாப் ஸ்டாப்பாகப் போவாள். டெப்போவில் பெண்கள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு அடுத்த ட்ரிப்புக்கு ஓட வேண்டும். மூன்றாவது மாதம் முடிவதற்குள் மார்பு தானாகவே அடங்கிவிட்டது. அன்றைக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. அந்த விடுதலைதான் இப்போது அவளைக் குத்துகிறது.

சின்னவன் வயிற்றில் இருக்கும்போதே மேனேஜரிடம் சண்டை போட்டு நீண்ட லீவு வாங்கினாள். பால் பவுடர் டப்பா வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று புருஷன் வாங்கி வைத்த ஒரு டப்பா மேல் அலமாரியில் மூடி பிரிக்காமல் இருந்தது.

அண்ணி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வந்தாள். பால் வைத்தாயிற்றா என்று கேட்டாள்.

"இன்னிக்கு அந்த டப்பாவைப் பிரிச்சு ஆத்திக் கொடுங்க அண்ணி."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் இடையில் போன வாரத்து வாக்கியம் இன்னும் அப்படியே கிடந்தது. எதுவும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அலமாரியைத் திறந்தாள்.

கண்டக்டரம்மா அந்தப் பாலைச் சின்ன ஸ்டீல் ஃப்ளாஸ்கில் ஊற்றி, மூடியைத் திருகி, மாற்றுத் துணிகளுக்கு அடியில் பையில் வைத்துக்கொண்டாள்.

என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே முழுதாகத் தெரிந்திருந்ததா என்றால், தெரிந்துதான் இருந்தது.

வார்டுக்குள் நுழைய ஒரு முறை இருக்கிறது. செருப்பை வெளியே விட வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முகக்கவசம் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து சாப்பிட எதையும் கொண்டுவரக் கூடாது. மருந்து ஏறி வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்குப் போயிருக்கிற நேரம், நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி பிள்ளையை வீழ்த்திவிடும் என்று தலைமை நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கண்டக்டரம்மாவே புதிதாக வருகிற அம்மாக்களுக்கு இதை எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

வாலு முழித்துக்கொண்டுதான் இருந்தாள். மொட்டைத் தலை, பெரிய கண்கள். நர்ஸ் ஊசியோடு வந்தால் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பது அவள் வழக்கம். நர்ஸும் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நீட்டுவாள். அதை வாங்கி இரண்டாகக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கையைக் காட்டுவாள்.

இன்று டிக்கெட் கேட்கவில்லை. வாயெல்லாம் புண். நேற்றிலிருந்து எச்சில் விழுங்கக்கூட அழுகிறாள் என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுதும் உட்கார்ந்திருந்த அப்பா சிவந்த கண்களோடு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் கண்டக்டரம்மா திரையை இழுத்துவிட்டாள். ஃப்ளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றினாள்.

வாலு முகர்ந்து பார்த்தாள். "இது தம்பிப் பால்."

"உன்னோடதும்தான். கொஞ்சூண்டு குடி, தங்கம்."

"நான் என்ன பாப்பாவா?"

"அம்மாவுக்காக."

வாலு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தாள். புண்ணில் பட்டு முகம் சுருங்கியது. ஆனாலும் விழுங்கினாள். மூடி காலியாகும் வரை விழுங்கிவிட்டு, "தித்திப்பா இருக்கு. அவன் நல்லா ஏமாந்தான்" என்றாள்.

பல நாளுக்குப் பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஃப்ளாஸ்கைப் பைக்குள் தள்ளினாள்.

மத்தியானம் வாலு குளிருகிறது என்றாள். போர்வை போர்த்தினாள். இன்னும் குளிருகிறது என்றாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நெற்றியில் கை வைத்த அம்மா, வைத்த கையை எடுக்க மறந்து நின்றாள். அப்புறம் ஓடினாள்.

வெள்ளை அணு இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வார்டே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மார்பில் பொருத்தியிருந்த மருந்துக் குழாயிலிருந்து ஒரு புட்டி, கையிலிருந்து இன்னொரு புட்டி என்று கிருமிப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அது முடிவதற்குள் ஒருத்தி ஆன்டிபயாடிக் கலந்து கொண்டுவந்து ஏற்றத் தொடங்கினாள். டாக்டரம்மா வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள், பிள்ளை புதிதாக எதையாவது சாப்பிட்டதா என்று கேட்டாள்.

கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள். இல்லை என்று தலை ஆட்டிவிட்டாள்.

ஆட்டிய மறுகணமே, ஆட்டிய தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். இவ்வளவு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் தன்னை வார்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால்?

நடுங்கிக்கொண்டிருந்த வாலுதான் சொன்னாள். "தம்பிப் பால் குடிச்சேன் டாக்டர். அம்மா கொடுத்தாங்க." சொன்ன குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தலைமை நர்ஸ் கண்டக்டரம்மாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் திரையை மட்டும் இழுத்து மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். எப்போது, எவ்வளவு, எதில் கொண்டுவந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் கண்டக்டரம்மா உண்மையைச் சொன்னாள். இந்தக் காய்ச்சல் அதனால்தானா என்று அவள் கேட்டாள். இவ்வளவு சீக்கிரத்தில் அதனால் வருவது அபூர்வம், குழாய் வழியாக வந்திருக்கலாம், வயிற்றில் ஏற்கெனவே இருந்த கிருமியாகக்கூட இருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. எந்தக் கிருமி என்று ரத்தப் பரிசோதனை சொல்லும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை பாலால் இல்லை என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னாள்.

"எதுக்கும்மா கொடுத்தீங்க? சொல்லிக் கொடுத்திருந்தோமே."

கண்டக்டரம்மா சுவரில் சாய்ந்தாள். "அவளுக்கு நான் ஒழுங்கா கொடுக்கல டாக்டர். ரெண்டு மாசம்தான். கொடுத்திருந்தா இந்த நோய் வந்திருக்காதுன்னு சொல்றாங்க. போன்ல நானும் தேடிப் படிச்சேன். எல்லாத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். அவளும் களைத்துப்போயிருந்தாள்.

"படிச்சது பொய்யில்லம்மா. ஆறு மாசமோ அதுக்கு மேலயோ தாய்ப்பால் குடிச்ச பிள்ளைங்களுக்கு இது கொஞ்சம் குறைவா வருதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. கொஞ்சம்தான். அது ஆயிரக்கணக்கான பிள்ளைங்களைச் சேர்த்து வச்சுப் பார்த்துச் சொல்றது. உங்க பொண்ணுக்கு ஏன் வந்துச்சுன்னு அது சொல்லாது. எனக்கும் தெரியாது. ரெண்டு வயசு வரைக்கும் குடிச்ச பிள்ளையும் இதே வார்டுல படுத்திருக்கு."

"அப்போ நான் கொடுத்திருந்தா வராம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். கொடுத்தும் வந்திருக்கலாம். இதுக்கு மேல சொன்னா அது பொய்."

ஆம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். இரண்டும் இல்லாத இந்தப் பதிலை எதில் போட்டு வைப்பது?

"ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயமா தெரியும்" என்றாள் டாக்டரம்மா. "இப்போ கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது."

அவள் புருஷன், லிஃப்ட்காரர், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்தார். நர்ஸ் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு படி கீழே தள்ளி உட்கார்ந்தார். அண்ணி சொன்னதை அவள் அப்போதுதான் முதன்முதலாக அவரிடம் சொன்னாள். ஒரு வாரமாக மூச்சுவிடாமல் வைத்திருந்ததை, அழாமல், ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரி சொல்லி முடித்தாள்.

அவர் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாதாரணமாகவே வாயைத் திறக்காத மனுஷன்.

"நீ வேலைக்குப் போனப்புறம் அவளுக்கு யாரு பாட்டில் கொடுத்தது?" என்று கேட்டார்.

அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நான்தான. ராத்திரி டியூட்டி கேட்டு வாங்கிட்டு பகலெல்லாம் அவளை மடியில வச்சிருந்தேன். என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டேதான் குடிப்பா. அதுக்கப்புறம் என் வாழ்க்கையில நான் அப்படிச் சந்தோஷமா இருந்ததே இல்ல." குரல் உடைந்தது. "நீ கொடுக்காதது தப்புன்னா, நான் கொடுத்தது என்ன? அதையும் சொல்லிடு."

அவள் இரண்டு படி இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிரீஸ் படிந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கேதான் நர்ஸ் வந்து விஷயத்தைச் சொன்னாள். காய்ச்சல் இறங்கவில்லை. வாலுவைத் தனி அறைக்கு, கண்ணாடிச் சுவர் வைத்த அறைக்கு மாற்றுகிறார்கள். கூட ஒருவர் மட்டும் இருக்கலாம். உள்ளே போகிறவர் அணுக்கள் ஏறும் வரை அங்கேயே தங்க வேண்டும். வீட்டுக்கும் இங்கேயும் அலைந்து கிருமியைச் சுமந்து வரக் கூடாது. எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

"நான் இருக்கேன்" என்றார் அவர். "நீ சின்னவன்கிட்டப் போ. நீ உள்ள போயிட்டா அவனுக்குப் பால் நின்னுடும்."

போன வாரம் என்றால் அந்த ஒரு சொல்லுக்கே அவள் உடல் பதறியிருக்கும். இவனுக்கும் நின்றுவிட்டால், இவனுக்கும் வந்துவிட்டால் என்ற பயம்தான் அவளை ராத்திரி முழுதும் விழிக்க வைத்தது. கறந்து கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பலாம், வார்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். கறக்க என்ன மிச்சம் இருக்கிறது என்பது கண்டக்டரம்மாவுக்குத் தெரியும்.

"நின்னா நிக்கட்டும்" என்றாள். "அவ என்னைத்தான் தேடுவா."

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணியின் போன் வந்தது. ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கிறாளாம். கைக்குழந்தையோடு.

கேட் காவலாளி ஒரு நாற்காலியை நிழலில் போட்டுக் கொடுத்திருந்தார். குழந்தை கதறிக் கதறிக் குரல் கட்டிக் கிடந்தான். காலையிலிருந்து பவுடர் பாலை நாக்கில் பட்டதும் துப்புகிறான், ஸ்பூனில் கொடுத்தும் பார்த்துவிட்டேன், எனக்குப் பயமாகிவிட்டது என்றாள் அண்ணி. புடவை முழுதும் பால் கொட்டிய கறை.

கண்டக்டரம்மா கையை மறுபடி கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கினாள். முந்தானையால் மூடி மார்பில் போட்டாள். அவன் ஆவேசமாக இழுத்தான், விட்டான், வீறிட்டான். மறுபக்கம் மாற்றினாள். அங்கேயும் அதே கதை. வராந்தாவில் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அழுதுகொண்டே கையை நீட்டினாள். "அந்தப் பாட்டிலைக் கொடுங்க அண்ணி."

பாட்டிலை மார்போடு ஒட்டினாற்போல் பிடித்து, ரப்பரை அவன் உதட்டில் மெல்லத் தேய்த்தாள். துப்பினான். மறுபடி வைத்தாள். "குடிடா. உங்க அக்கா இதைக் குடிச்சுத்தான் வாலா வளர்ந்தா. குடிடா" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனையாவது தடவையோ, அம்மாவின் வாசனையில் ஏமாந்தோ, பசி தாங்காமலோ, அவன் ஒரு மடக்கு இழுத்தான். அப்புறம் இன்னொன்று.

அண்ணி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "எதனால வந்துச்சுன்னு தெரியாம எனக்கு மூச்சே முட்டிச்சு. யார் மேலயாவது போட்டாத்தான் மூச்சு விடமுடியும் போல இருந்துச்சு. நீ பக்கத்துல நின்ன. உன் மேல போட்டுட்டேன்."

கண்டக்டரம்மா குழந்தையின் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தேன் என்று சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. மன்னித்தாளா என்பதும் அவளுக்கே தெரியவில்லை.

"தோள்ல போட்டு ஏப்பம் வர்ற வரைக்கும் தட்டுங்க அண்ணி. இல்லன்னா கக்கிடுவான்" என்றாள். "நான் எப்போ வெளிய வருவேன்னு தெரியாது. அவனைப் பார்த்துக்கோங்க."

அண்ணி கை மாற்றி வாங்கியதும் அவன் வாயிலிருந்து ரப்பர் நழுவியது. மறுபடி அழ ஆரம்பித்தான். கண்டக்டரம்மா எழுந்தாள். திரும்பிப் பார்த்தால் போக முடியாது. பார்க்கவில்லை.

கண்ணாடி அறையில் வாலுவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தார்கள். உதடு வறண்டு வெடித்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே லிஃப்ட்காரர், உள்ளே வர முடியாமல், உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தபடி நின்றார்.

அம்மா கட்டிலருகே குனிந்ததும் வாலு கண்ணைத் திறந்தாள்.

"என் மேல கோவமா?"

"எதுக்குடா கோவம்?"

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்ல. நீ சொல்லாதேன்னு தலையாட்டின."

கண்டக்டரம்மா கையுறை போட்ட விரலால் அவள் புருவத்தை நீவினாள். "நீ சொன்னதுதான் சரி. அம்மா பயந்துட்டேன். நீ பயப்படல."

வாலு அதைக் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு, "இனிமே தம்பிக்கே கொடுத்துடு. எனக்கு வேணாம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் அவள் கையைச் சுற்றியிருந்த பட்டையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தியது. எண் வந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள். பட்டையைச் சரியாகச் சுற்றி மறுபடி அமுக்கினாள். வந்த எண் இன்னும் கீழே இருந்தது.

நர்ஸ் சுவரில் இருந்த, டாக்டரை அவசரமாகக் கூப்பிடும் பொத்தானை அழுத்திவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றாள்.

கண்டக்டரம்மா தள்ளி நின்றாள். வாலுவின் சுண்டுவிரலை மட்டும் விடவில்லை.